விழுந்தால் தாங்குவது யார்?
வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் வாசகர்களிடம் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: "உங்களை எந்த வர்க்கம் என்று நினைக்கிறீர்கள்? எதை வைத்து அப்படி நினைக்கிறீர்கள்?" பதிலாக வந்த கடிதங்கள் குறைவு. என்னையே திருப்பிக் கேட்டவர்கள்தான் அதிகம். வீட்டு விஷயம், சம்பளம், கல்யாணப் பேச்சு என்று மனம்விட்டு எழுதியிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. ஊர் மட்டும் போதும். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கடன் பிரிவில் கழித்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கடன் கேட்டவர்களிடமிருந்துதான் இந்த விஷயத்தை நான் கற்றேன். கீழே உள்ள பதில்களும் அங்கிருந்து வந்தவைதான்.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் 1,40,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன், கார் கடன், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போக மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் எங்களை நடுத்தர வர்க்கம் என்றே சொல்லிக்கொள்கிறோம். தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார், "நீங்கள் நடுத்தரம் என்றால் நான் யார்?" என்று கேட்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், சிறுசேரி

உங்கள் மாமனார் நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். மத்திய அரசு எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில், மாதச் சம்பளம் வாங்குவோரின் சராசரி வருமானம் 20,000 ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்வோருக்கு அதுகூட இல்லை. உங்கள் கைக்கு வருவது அந்தச் சராசரியைப் போல ஏழு மடங்கு. எண்ணிக்கைப்படி நடுவில் நிற்பவர் யார் என்று தேடினால், உங்களைத் தாண்டிக் கீழே வெகுதூரம் இறங்க வேண்டும் தம்பி.

ஆனாலும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். வருமானம் மட்டுமே ஒருவரின் நிலையைச் சொல்லிவிடாது என்பதை வங்கியில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் காலத்தில் கல்விக் கடனுக்கு இப்படி விதி இருந்தது: 4 லட்சம் ரூபாய் வரை ஜாமீன் வேண்டாம், அதைத் தாண்டினால் மூன்றாம் நபர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் வேண்டும். ஒருமுறை இரண்டு தகப்பன்மார் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் எழுத்தர். இன்னொருவர் நகராட்சியில் குடிநீர்க் குழாய் பொருத்துபவர். இருவரின் சம்பளச் சீட்டிலும் ஏறத்தாழ ஒரே தொகை. இருவர் பிள்ளைகளுக்கும் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆலை எழுத்தர் மறுநாள் காலையிலேயே தன் தாய்மாமனை அழைத்து வந்துவிட்டார். அவர் ஒரு தலைமையாசிரியர். கையெழுத்து ஆயிற்று, கடன் ஆயிற்று. குழாய் பொருத்துபவர் வரவே இல்லை. நானே சொல்லியனுப்பி வரவழைத்தேன். ஜாமீன் போடத் தகுதியுள்ள சொந்தம் ஒருவர்கூட அவருக்கு இல்லை. அண்ணன், தம்பி, மைத்துனன் எல்லோரும் தினக்கூலி. கடைசியில் வெளியே நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். ஆண்டுக்கு 36 சதவீதம். ஒரே சம்பளம் வாங்கிய இருவரில் ஒருவர் மற்றவரைப் போல மூன்று மடங்கு வட்டி கட்டித் தன் பிள்ளையைப் படிக்கவைத்தார்.

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் வீட்டுக் கடனுக்கு 8 சதவீதத்தை ஒட்டிய வட்டி. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண் குழுக் கடன் வாங்கியிருந்தால் அவருக்கு 20 சதவீதத்துக்கு மேல். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரப்படும் கடனையே நுண்கடன் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வரையறுத்தது. ஈடு காட்ட முடியாதவர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

ஆகவே எந்த வர்க்கம் என்று யாராவது கேட்டால் நான் சம்பளத்தைக் கேட்பதில்லை. நாளைக்கே வருமானம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள்? நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மருத்துவர் ஒருவர் உண்டா? வாடகை கொடுக்க முடியாமல் போனால் போய் இருக்கச் சொந்தத்தில் ஒரு வீடு இருக்கிறதா? உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஓர் ஆள் கிடைப்பாரா? இந்த நான்குக்கும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் மாமனாரையும் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஓய்வூதியம் வருகிறதென்றால் அது எவ்வளவு என்றும் கேளுங்கள். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இலிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். உங்கள் அலுவலகம் உங்களுக்கும் மனைவி மக்களுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு ஒன்றே அவர் பணிக்காலம் முழுவதும் கண்டிராத பாதுகாப்பு.

கடன் உங்களை நெருக்குவது உண்மைதான். அது ஒரு சொத்தை வாங்குவதற்கான நெருக்கடி. கடனை அடைத்து முடிக்கும்போது உங்கள் பெயரில் ஒரு வீடு இருக்கும். மாமனாரின் நெருக்கடி முடியும்போது அவர் கையில் எதுவும் இருக்காது. அலுவலக நண்பர்களிடம் உங்களை எப்படி வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரில் மட்டும் "நாமெல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவரைக் காயப்படுத்துகிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் வர்க்கம் பேசுகிறவர்கள் எல்லோரும் சாதியைப் பேசாமல் தப்பிக்கப் பார்க்கிறார்கள். நீங்களும் அந்தப் பட்டியலா?
– வாசகர், திருவாரூர்

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள் ஐயா. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்ன ஜாமீன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் தலைமையாசிரியராக இருப்பது ஒருவரின் தனித் திறமையால் வருவதா? அந்தத் தாய்மாமனின் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டார்களா என்பதில் இருந்து வருவது. ஒருவருக்கு ஆபத்துக்கு உதவும் சொந்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சாதிதான் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. இதை மறைத்து நான் வர்க்கம் பேச மாட்டேன்.

எங்கள் கிளையில் தலித் குடும்பத்திலிருந்து வந்து அரசு வேலையில் சேர்ந்த ஒருவர் கணக்கு வைத்திருந்தார். அவர்கள் குடும்பத்தில் மட்டுமல்ல, தெருவிலேயே மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். சம்பளம் வந்த வாரமே அக்காள் வீட்டுக்கு ஒரு தொகை, சித்தப்பா மகன் படிப்புக்கு ஒரு தொகை, ஊர்க் கூரை மாற்ற ஒரு தொகை என்று எடுத்துவிடுவார். எத்தனையோ பேருக்கு அவர் ஜாமீன் போட்டிருந்தார். அவருக்கே கடன் தேவைப்பட்டபோது கையெழுத்துப் போட ஆளில்லை. அவர் சம்பளத்தையும் என் சக ஊழியர் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இரண்டு பேரும் ஒரே வர்க்கம்" என்று சொன்னால் அது கணக்குக்கே பொருந்தாது. ஒருவர் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு. இன்னொருவர் சம்பளம் ஒரு தெருவுக்கு.

பணத்தை மட்டும் அளவுகோலாக வைத்தபோது இந்த மாநிலம் எப்படிப் பதில் சொன்னது என்பதும் நமக்குத் தெரியும். 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இட ஒதுக்கீடு கிடையாது என்று ஆணையிட்டது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அவருடைய கட்சி தமிழ்நாட்டில் இரண்டே இடங்களில் வென்றது. ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது.

2019-இல் வந்த 103-ஆவது அரசமைப்புத் திருத்தம் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்கியது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நலிந்தவர். ஏற்கெனவே ஒதுக்கீடு பெறும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோரில் உள்ள ஏழைகள் அந்த ஏழைகளின் கணக்கில் வர மாட்டார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இதை ஏற்றது. இன்னொரு பக்கம், பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர் என்று மத்திய அரசு ஒதுக்கி வைக்கும் எல்லையும் 2017-இலிருந்து அதே 8 லட்சம்தான். கணக்கிடும் முறையில் வேறுபாடு உண்டு, தொகை ஒன்றே. ஒரே தொகை ஒரு சாதியாரை வசதியானவராகவும் இன்னொரு சாதியாரை நலிந்தவராகவும் காட்டுகிறது. இதற்குப் பிறகும் சாதியைத் தள்ளிவைத்துவிட்டு வர்க்கத்தைப் பேச முடியும் என்று யாராவது சொன்னால் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல அனுமதியுங்கள். ஒரே சாதிக்குள் முதலாளியும் கூலியும் இருக்கும்போது, "நாமெல்லாம் ஒரே ரத்தம்" என்று சொல்லியே கூலியைக் குறைத்துக் கொடுப்பவரையும் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எதிராகப் பேச வர்க்கம் என்ற சொல் தேவைப்படுகிறது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் பொருள் கொண்டுவரும் பையன்களும் சர்வீஸ் லிஃப்டில்தான் வர வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். என் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் பன்னிரண்டாவது மாடிக்கு வர, பழுதான அந்த லிஃப்டுக்காகக் காத்திருந்து தாமதமாக வருகிறார். அவர் காபி குடிக்க என் மாமியார் தனி டம்ளர் வைத்திருக்கிறார். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. சொன்னால், "சுத்தத்துக்காகத்தானே, இதில் சாதி எங்கே வந்தது?" என்கிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

சுத்தம்தான் காரணம் என்றால், அந்த அம்மாள் தேய்த்த பாத்திரத்தில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? அவர் அரைத்த மாவில் எப்படித் தோசை சுடுகிறார்கள்? அவர் கை பட்ட அனைத்தும் வீட்டுக்குள் புழங்கலாம், அவர் வாய் பட்ட டம்ளர் மட்டும் புழங்கக் கூடாது என்றால் அது தீண்டாமைதான் அம்மா. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்ததாகச் சொல்லும் அதே தீண்டாமை. உங்கள் மாமியாருக்கு அந்த அம்மாளின் சாதி தெரியாமலேகூட இருக்கலாம். தெரியாமலே இப்படி நடத்த முடிகிறது என்பதுதான் இன்று நடந்திருக்கும் மாற்றம். முன்பு கொல்லைப்புற வாசல் குறிப்பிட்ட சாதியாருக்கு இருந்தது. இப்போது வீட்டு வேலை செய்யும் எவருக்கும் இருக்கிறது.

லிஃப்ட் விஷயத்தை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். டம்ளர் ஒரு முதியவரின் பழக்கம். லிஃப்ட் தீர்மானம் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, கை தூக்கி, கையெழுத்துப் போட்டு நிறைவேற்றியது. அந்தக் கூட்டத்தில் இருந்த பலர் மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போய், அங்கே யாராவது தங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தால் வருத்தத்தோடு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னவர்களாக இருப்பார்கள்.

என்ன செய்யலாம்? அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தை ரத்து செய்யும்படி எழுத்தில் கொடுங்கள்; வாயால் சொன்னால் குறிப்பேட்டில் ஏறாது. தனியாகக் கொடுக்க வேண்டாம், ஒத்த மனமுள்ள நான்கு வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமான் ஏற்ற ஒரு லிஃப்ட் வேண்டுமென்றால் சாமானுக்கு மட்டும் என்று எழுதட்டும். அதுவரை அந்த அம்மாள் வரும் நேரத்துக்கு நீங்கள் கீழே இறங்கிப் போய் அவரோடு குடியிருப்போர் லிஃப்டிலேயே ஏறி வாருங்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் அதையும் பொதுக்குழுவில் சொல்லுங்கள்.

டம்ளருக்கு வழி எளிது. மாமியாரிடம் வாதாட வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர் வாங்கிவிடுங்கள், பழையதை எடுத்துவிடுங்கள். காலையில் நீங்களும் அந்த அம்மாளும் ஒன்றாக உட்கார்ந்து குடியுங்கள். உட்கார்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன், நின்றுகொண்டு குடிக்கவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டா? உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிப்பீர்களா? உங்கள் வீட்டுக் கழிப்பறையை அவர் பயன்படுத்தலாமா? காலை ஆறு மணிக்குக் கிளம்பி மூன்று வீடு பார்த்துவிட்டு மதியம் திரும்பும் பெண், எங்கே போவார்? பலர் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. அவர் அதில் பதிந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் பதிய உதவி செய்யுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்கிறார்கள். உடன் படிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் வெளியே சாப்பிடப் போனால் ஆளுக்கு 800 ரூபாய் ஆகிறது. நான் வயிற்று வலி என்று சொல்லி விடுதியிலேயே இருந்துவிடுகிறேன். அவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது நான் பேசுவதே இல்லை. போன மாதம் அப்பா வேர்க்கடலை எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். யாராவது பார்ப்பதற்குள் அவரை அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை.
– மாணவி, அரியலூர் மாவட்டம்

மகளே, உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. உனக்கு யாரும் தானம் தரவில்லை. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். பல லட்சம் செலவழித்து ஓராண்டு, இரண்டாண்டு பயிற்சி மையத்தில் உட்கார முடிந்தவர்களோடு உன்னைப் போன்றவர்களும் ஒரே ஓட்டத்தில் நிறுத்தப்பட்டார்கள். அந்த அநீதியைக் கொஞ்சமாவது சரிசெய்யத்தான் 2020-இல் சட்டம் இயற்றி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு கொடுத்தார்கள். கட்டணத்தையும் அரசே ஏற்றது. அந்தச் சட்டத்துக்கு உள்ளேயும் நீ உன்னைப் போன்ற பல ஆயிரம் பேரோடு போட்டியிட்டுத்தான் வந்திருக்கிறாய்.

800 ரூபாய்க்கு வயிற்று வலி வேண்டாம். "இந்த மாதம் என்னிடம் பணம் இல்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று ஒருமுறை சொல்லிவிடு. முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்லிப் பார்த்தால் தெரியும்: உன் வகுப்பிலேயே இன்னும் இரண்டு பேர் கடன் வாங்கி அந்தச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நல்ல தோழி யாரென்றும் அன்று தெரிந்துவிடும். அவள் டீக்கடைக்குப் போகலாம் என்பாள்.

ஆங்கிலம் கூச்சத்தால்தான் வராமல் இருக்கிறது. உடற்கூறியலில் வரும் சொற்கள் அவர்களுக்கும் புதியவைதான். வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, தப்பும் தவறுமாக இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுந்து கேள். இரண்டாம் ஆண்டு வார்டுக்குப் போகும்போது நிலைமை மாறும். "சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தால், இரண்டு வேளை மட்டும் சாப்பிடுகிறவர் மூன்றாவது மாத்திரையை என்ன செய்வார் என்று உனக்குத்தான் கேட்கத் தோன்றும். அடுத்த வாரம் வந்து காட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய சூளைத் தொழிலாளி ஏன் வரவில்லை என்பது உனக்குத்தான் புரியும்: ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும். உன் வகுப்பில் பலர் இதைத் தெரிந்துகொள்ளவே பல வருடம் ஆகும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளி. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஷிப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு நேராகக் கிளைக்கு வந்துவிட்டார். நான் எழுந்து போவதற்குள் எங்கள் மேலாளர் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள் ஐயா, உங்கள் பெண் நன்றாக வேலை செய்கிறாள்" என்றார். அப்பா உட்காரத் தயங்கினார். அதிகாரிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. அந்த மேலாளர் விடவில்லை. தானும் நின்றுகொண்டே இருந்தார், அப்பா உட்காரும்வரை. அன்றைக்குப் பிறகு அந்தக் கிளையில் நான் யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

உனக்கு அப்படி ஒரு மேலாளர் அமையும்வரை காத்திருக்காதே. அப்பாவுக்கு இன்றே போன் செய். அடுத்த முறை வரும்போது கல்லூரிக்குள் கூட்டிப்போ, வகுப்பறையைக் காட்டு, விடுதி உணவகத்தில் உட்காரவைத்துச் சாப்பிடவை. அவர் என்ன வேலை செய்கிறார் என்று தோழிகளிடம் அறிவிக்க வேண்டிய கடமை உனக்கில்லை. கேட்டால் சொல், போதும். அன்று அனுப்பிவைத்ததை அவர் கவனித்திருப்பார். கவனித்தும், மகளுக்கு என்ன நெருக்கடியோ என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போயிருப்பார். நீ கூப்பிட்டால் அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

கேள்வி: எனக்கு மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறதாம். ஒரே வீட்டில் என் கணவரும் அவர் அண்ணன் தம்பியும் என மூன்று குடும்பம் இருக்கிறோம், மீட்டர் ஒன்றுதான். நாங்கள் பணக்காரர்களா?
– வாசகி, தர்மபுரி

இல்லை. 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று அளவு வைத்தார்கள். உங்கள் வீட்டு மீட்டரை மூன்றாகப் பகுத்தால் ஒவ்வொரு குடும்பமும் எல்லைக்குள்தான் வரும். கூட்டாக இருப்பதே உங்கள் ஏழ்மையால். அந்தக் கூட்டே உங்களைப் பணக்காரராகக் காட்டிவிட்டது. மூன்று குடும்பத்துக்கும் தனித்தனி ரேஷன் அட்டை இருந்தால் அவற்றின் நகல்களோடு கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். இ-சேவை மையத்தில் பதியலாம். மறுப்பு வந்ததிலிருந்து 30 நாள் என்பது கெடு. தாண்டியிருந்தால் மனுநீதி நாளில் ஆட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

இப்படி அளவுகோல் வைக்கும்போதெல்லாம் உங்களைப் போன்றவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பதால்தான் ரேஷன் அரிசிக்கு நான் நன்றி சொல்கிறேன். 1997-இல் மத்திய அரசு ரேஷன் அட்டைதாரர்களை வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தபோது, தமிழ்நாடு ரேஷனை அட்டைதாரர் எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டது.

கேள்வி: மகன் விரும்பும் பெண் எங்கள் சாதிதான், படித்தவள், வேலையில் இருக்கிறாள். ஆனால் அவள் தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். "நம் தகுதிக்கு இது பொருந்துமா, சம்பந்தியை எப்படி மேடையில் நிறுத்துவது?" என்று என் மனைவி அழுகிறாள்.
– வாசகர், கரூர்

ஆட்டோ ஓட்டிப் பெண்ணை வேலைக்குப் போகும் அளவுக்குப் படிக்கவைத்த மனிதரை மேடையில் உங்கள் வலப்பக்கம் நிறுத்துங்கள். உங்கள் மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்குத் தன் அக்கா தங்கைகள் என்ன பேசுவார்கள் என்பதுதான் அவர் பயம். நிச்சயத்துக்கு முன் நீங்கள் இருவரும் பெண் வீட்டுக்குப் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நகை, சீர், மண்டபச் செலவு எதையும் அவர்கள் தலையில் வைக்காதீர்கள். இந்தக் கல்யாணத்துக்காக அவர் ஆட்டோவை அடகு வைத்தார் என்று பின்னால் தெரிந்தால் அந்தப் பெண் உங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்க மாட்டாள்.

கேள்வி: பெரிய ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். சட்டம் வந்த பிறகு ஸ்டூல் போட்டார்கள். ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார், கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வாடிக்கையாளர்களும், "நாங்கள் நிற்கிறோம், நீ உட்கார்ந்திருக்கிறாயே" என்கிறார்கள். எங்களுக்கு உட்காரும் உரிமை உண்டா, இல்லையா?
– வாசகி, திருநெல்வேலி

உண்டு. 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டியது முதலாளியின் கடமை. நாள் முழுவதும் நிற்கவைக்கக் கூடாது என்பதற்காகவே வந்த திருத்தம் அது. ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது என்று சொன்னால் சட்டத்தைப் பின்பற்றியதாகாது. உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தைப் பிடிப்பது இன்னொரு குற்றம்.

தனியாகப் புகார் கொடுத்தால் உங்களை மட்டும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதனால் ஒரே பிரிவில் வேலை செய்பவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுத் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்குக் கொடுங்கள். நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பிடித்தம் எந்தத் தேதியில், எவ்வளவு என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு மிகைநேரச் சம்பளம் கொடுக்கிறார்களா என்பதையும் அதே மனுவில் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். நின்றிருந்தால், "நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீ கொஞ்சம் உட்கார் அம்மா" என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னதைக் கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மகளே, கடிதத்தின் ஓரத்தில், கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைத் தள்ளிப்போடாதே. விடுமுறை நாளில் அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவு இருக்காது. அதனால் அரை நாள் விடுப்பு எடுத்தாவது வார நாள் காலையிலேயே போய் அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டு. நாள் முழுவதும் நின்று செய்யும் வேலை என்று மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல். அந்தச் சீட்டின் நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடு.